பழைய சிடி பிளேயர் வாங்கி வருடக்கணக்கில் ஓட்டுவது எப்படி

கையில் எடுத்துப்போகும் சிடி பிளேயர்களில் பல, வயதாகிச் செத்தவை அல்ல. தவறான அடாப்டரைச் செருகி உள்ளே கருக்கியிருப்பார்கள். அல்லது கசிந்த செல்லை எடுக்காமல் அலமாரியில் போட்டிருப்பார்கள். அல்லது ‘சரிசெய்கிறேன்’ என்று திருகக் கூடாத ஒரு திருகைத் திருகியிருப்பார்கள். மூன்றையுமே தவிர்க்கலாம். சரியான பிளேயரைத் தேர்ந்தெடுத்து, மின்சாரத்தைச் சரியாகக் கொடுத்து, லென்ஸைத் தொந்தரவு செய்யாமல் இருந்தால் தினமும் இரண்டு மூன்று மணி நேரம் பாட்டுக் கேட்டாலும் அது பல வருடம் உழைக்கும்.

இங்கே சொல்வது முக்கியமாக மேல்மூடியைத் திறந்து சிடி போடும், இரண்டு ஏஏ செல்லில் ஓடும் பிளேயர்களுக்கு. கடையில் பென்டார்ச் செல் என்று கேட்டால் தருவார்களே, அதுதான் ஏஏ.

1. எந்தக் காலத்துப் பிளேயர் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

தினசரிப் பயன்பாட்டுக்கு முதன்முதலாக வாங்குபவர் 2000-ஐ ஒட்டியும் அதற்குப் பின் சில ஆண்டுகளிலும் வந்த மாடல்களைப் பார்ப்பது நல்லது. சோனியில் டி-இஜே, டி-என்இ வரிசைகள் இந்தக் காலத்தவை. டி-இஜே ஆடியோ சிடியை மட்டும் வாசிக்கும். டி-என்இ, எம்பி3 பதிந்த சிடியையும் வாசிக்கும். பானசோனிக்கின் எஸ்எல்-சிடி (SL-CT) வரிசையும் இதே காலம்தான். இவற்றுக்கு மின்சாரம் குறைவாகவே தேவைப்படும், குலுங்கினாலும் பாட்டு திக்காமல் காக்கும் ‘அதிர்ச்சி தாங்கும்’ நினைவகம் இருக்கும், எடையும் குறைவு.

1980-களின் கடைசியிலும் 1990-களின் தொடக்கத்திலும் வந்த கனமான பிளேயர்களுக்குத் தனி மதிப்பு உண்டு. ஒலி பிரமாதம் என்பார்கள், உண்மைதான். ஆனால் முதல் பிளேயராக அவற்றை வாங்காதீர்கள். அந்தக் காலத்தில் உள்ளே சர்க்யூட் பலகையில் வைத்த, மின்னூட்டத்தைத் தேக்கும் சின்ன எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் இப்போது கசிந்து, அடியில் இருக்கும் செம்புத் தடத்தை அரிக்கின்றன. நேற்றுவரை ஓடிய பிளேயரில் இன்று ஒரு காதில் ஒலி இருக்காது. சால்டரிங் கை வராதவருக்கு அது தலைவலி. செல்லும் சில மணி நேரத்திலேயே தீர்ந்துவிடும்.

மிக மெலிந்த, அழகான சில மாடல்கள் சூயிங்கம் பட்டை போன்ற தட்டையான கம்ஸ்டிக் பேட்டரியில் ஓடும். பழைய கம்ஸ்டிக்குகள் அநேகமாகச் செத்திருக்கும். புதிதாக விற்பவற்றின் தரமும் சீராக இல்லை. ஏஏ செல் போடும் வெளிப்பெட்டி கூடவே வந்தால் மட்டும் யோசிக்கலாம். அந்தப் பெட்டி இல்லாமல் வாங்கினால், பிறகு தனியாகத் தேடி அலைய வேண்டும்.

புதுப் பிளேயர்களும் வருகின்றன. ஃபியோவின் டிஎம்13, மூன்ட்ராப்பின் டிஸ்க்ட்ரீம் இரண்டும் அப்படி வந்தவை. வாரண்டி கிடைக்கும், யூஎஸ்பியில் சார்ஜ் ஆகும். உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி. அது தளரும்போது ஏஏ செல் மாதிரி நீங்களே கழற்றி மாற்ற முடியாது என்பதையும் கணக்கில் வையுங்கள். இணையக் கடைகளில் பெயர் தெரியாத பிராண்டில் மலிவாக வருபவற்றைப் பொறுத்தவரை, திருப்பிக்கொடுக்க எத்தனை நாள் இருக்கிறது என்று பார்த்துவிட்டு மட்டும் வாங்குங்கள்.

2. வாங்கும் இடம், செலவு, கேட்டு வைத்துக்கொள்ள வேண்டியவை

பழைய பிளேயருக்கு நிலையான விலை கிடையாது. சாதாரண ஏஏ மாடல் உள்ளூரில் ஏறத்தாழ ரூ. 1,000 முதல் 4,000 வரை சொல்வார்கள். மேலட்டை, ரிமோட், பெட்டி எல்லாம் இருந்தால் கூடும். இதோடு செலவு முடியவில்லை. ரீசார்ஜ் செல் 4, நல்ல சார்ஜர், சுத்தம் செய்யும் பொருள்கள் எல்லாம் சேர்த்து இன்னொரு ரூ. 2,000 முதல் 3,000 ஒதுக்கிவிட்டுத்தான் பேரம் பேசத் தொடங்க வேண்டும். பிளேயருக்கே கையிருப்பு முழுவதையும் கொடுத்துவிட்டு மலிவான செல்லும் அடாப்டரும் வாங்குவதுதான் பலர் செய்யும் தவறு.

சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவில் செல், சார்ஜர், ஜாக், சுத்தம் செய்யும் திரவம் எல்லாவற்றையும் ஒரே நடையில் வாங்கிவிடலாம். பிளேயரைப் பழைய பொருள் விற்பவரிடமோ இணையத்தில் விற்பவரிடமோ தேடுங்கள். நேரில் பார்க்க முடியாவிட்டால் விற்பவரிடம் இவற்றைக் கேளுங்கள்:

- அடிப்பகுதியில் ஒட்டிய லேபிளின் தெளிவான படம். மாடல் எண், அடாப்டர் எத்தனை வோல்ட், அதன் பிளக்கின் நடுவில் பிளஸா மைனஸா என்ற குறி மூன்றும் தெரிய வேண்டும்.
- செல் போடும் இடத்தைத் திறந்து எடுத்த படம்.
- ஒரு சிடியின் முதல் பாட்டையும் கடைசிப் பாட்டையும் ஓட்டிக் காட்டும் காணொளி, வெட்டாமல்.
- ஓடவில்லை என்றால் எத்தனை நாளில் திருப்பித் தரலாம் என்று எழுத்தில் ஒரு வரி. வாட்ஸ்அப் செய்தியானாலும் போதும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கூரியர் நிறுவனம் ஆதார், பான், பாஸ்போர்ட் போன்ற அடையாளச் சான்று கேட்கும். சுங்கவரி பொருளின் விலையோடு அனுப்பும் செலவையும் சேர்த்துக் கணக்கிடப்படும். அதனால் ‘மலிவாகக் கிடைத்தது’ என்று நினைத்தது வீடு வந்து சேரும்போது வேறு விலையாக இருக்கும். பயன்படுத்திய பொருளை இறக்குமதி செய்வதற்கு என்ன நிபந்தனை, வரி எவ்வளவு என்று பணம் கட்டும் முன்பே கூரியரிடம் கேட்டுவிடுங்கள்.

ஜப்பானிலிருந்து வரும் பிளேயரோடு வரும் அடாப்டர் 100 வோல்ட்டுக்கானது. நம் வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட். அதைச் செருகவே கூடாது. பெட்டியைத் திறந்தவுடன் எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள். வீட்டில் வேறு யாரும் எடுத்துச் செருகிவிட வாய்ப்பு இருந்தால் மேலே பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

3. நேரில் வாங்கும்போது: 20 நிமிடச் சோதனை

புது ஏஏ செல் 2, சொந்த ஹெட்போன், மூன்று சிடி எடுத்துப்போங்கள். ஒன்று 70 நிமிடத்துக்கு மேல் நீளும் ஒரிஜினல் ஆடியோ சிடி. ஒன்று கம்ப்யூட்டரில் எழுதிய ஆடியோ சிடி-ஆர். இன்னொன்று மெல்லிய கீறல் விழுந்தது.

முதலில் செல் போடும் இடம். ஸ்பிரிங்கில் வெள்ளை மாவு மாதிரியோ பச்சையாகவோ படிந்திருந்தால் செல் கசிந்திருக்கிறது. லேசாக இருந்தால் சுத்தம் செய்துவிடலாம். ஸ்பிரிங் அரித்து மெலிந்திருந்தால் விட்டுவிடுங்கள். பிறகு மூடி: கீல் இரண்டும் உறுதியாக இருக்கிறதா, கொக்கி ‘டக்’ என்று பிடிக்கிறதா. மூடி முழுதாக மூடவில்லை என்றால் உள்ளே இருக்கும் சின்ன சுவிட்ச் அழுந்தாது, பிளேயர் சுழலவே சுழலாது.

நீளமான சிடியைப் போடுங்கள். சில வினாடிகளில் மொத்தப் பாட்டுகளின் எண்ணிக்கை திரையில் வர வேண்டும். வந்ததும் நேராகக் கடைசிப் பாட்டுக்குத் தாவுங்கள். சிடியை உள்வட்டத்திலிருந்து வெளிவட்டத்தை நோக்கித்தான் வாசிக்கும். ஆகவே கடைசிப் பாட்டுக்குப் போவதென்றால் லென்ஸ் தாங்கிய வண்டி தண்டவாளம் முழுவதையும் கடக்க வேண்டும். முதல் பாட்டு ஓடி, கடைசிப் பாட்டு திக்கினால் தண்டவாளத்தில் கிரீஸ் இறுகியிருக்கலாம், பல்சக்கரம் வெடித்திருக்கலாம், லேசர் தளர்ந்திருக்கலாம். விற்பவர் முதல் பாட்டை மட்டும் ஓட்டிக் காட்டுவது இதனால்தான்.

அடுத்து சிடி-ஆர். ஒரிஜினலை வாசித்து சிடி-ஆரை மறுத்தால் லென்ஸ் அழுக்காக இருக்கலாம், அல்லது லேசர் கடைசிக் காலத்தில் இருக்கலாம். இரண்டில் எது என்று கடை வாசலில் சொல்ல முடியாது. விலையை அதற்கேற்பக் குறைத்துக் கேளுங்கள்.

பிறகு கால் மணி நேரம் ஓடவிடுங்கள். சூடேறிய பிறகு மட்டும் திக்கும் பிளேயர்கள் உண்டு. ஓடும்போதே ஹெட்போன் பிளக்கை மெல்லச் சுழற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் ஒலி வந்து வந்து போனால் ஜாக்கின் சால்டரிங் விட்டிருக்கிறது. ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் சக்கரம் கரகரத்தால் அது பெரிய குறை இல்லை. எல்லாப் பட்டன்களையும் ஒருமுறை அழுத்திவிடுங்கள்.

4. மின்சாரம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

செல்லில் சிறந்தது சும்மா இருக்கும்போது சார்ஜ் சீக்கிரம் வடியாத வகை நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் செல். எனலூப் போன்றவை இந்த வகை. 1.2 வோல்ட், சுமார் 2,000 மில்லி ஆம்பியர்-மணி. நான்கு வாங்கி இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து, ஒரு ஜோடியின் மேல் அழியாத பேனாவால் 1 என்றும் மற்றதில் 2 என்றும் எழுதுங்கள். ஜோடியைக் கலக்காதீர்கள். தளர்ந்த செல் ஒன்றும் நல்ல செல் ஒன்றும் சேர்ந்தால், தளர்ந்தது அடிமட்டம் வரை வடிந்து சீக்கிரம் கெட்டுப்போகும்.

சார்ஜரில் ஒவ்வொரு குழிக்கும் தனித்தனி விளக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் ஒவ்வொரு செல்லையும் தனியாகக் கவனிக்கும் சார்ஜர் அது. 500 மில்லி ஆம்பியரில் ஏற்றினால் 2,000 செல் நிரம்ப நாலரை முதல் ஐந்து மணி நேரம் ஆகும். அரை மணி நேரத்தில் ஏற்றுவதாகச் சொல்லும் சார்ஜர்கள் செல்லைச் சூடாக்கி ஆயுளைக் குறைக்கும். வேண்டாம்.

1.2 வோல்ட் செல் போட்டால் பிளேயரின் பேட்டரிக் குறி சீக்கிரமே பாதியாகக் காட்டும். அந்தக் குறி 1.5 வோல்ட் ஆல்கலைனுக்காக அளவு வைத்தது. அதைப் பார்த்துப் பதற வேண்டாம், இன்னும் வெகுநேரம் ஓடும்.

செல் விஷயத்தில் மாட்டிக்கொள்ளும் இடங்கள்:

மலிவான சாதாரண கார்பன் செல் சுவர்க் கடிகாரத்துக்குப் போதும். சிடியைச் சுழற்றத் தொடங்கும்போது மோட்டார் கேட்கும் மின்னோட்டத்தை அதனால் தர முடியாது. பிளேயர் சுழலத் தொடங்கி அணைந்துவிடும், பிளேயர் கெட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள்.

யூஎஸ்பியில் நேராகச் சார்ஜ் ஆகும் 1.5 வோல்ட் லித்தியம் ஏஏ செல்லுக்குள் மின்னழுத்தத்தைக் குறைக்கும் ஒரு சின்ன சுற்று இருக்கிறது. சில பிளேயர்களில் அது மெல்லிய கீச்சொலியாக ஹெட்போனில் கேட்கும். தீரும்போது முன்னறிவிப்பு இல்லாமல் ஒரேயடியாக அணையும்.

சோனி மாடல்கள் சில, செல்லை உள்ளேயே சார்ஜ் செய்யும். அது அந்தப் பிளேயருக்கென்று வந்த செல்லுக்கு மட்டும். அந்தச் செல்லின் அடியில் பக்கவாட்டு உறை கொஞ்சம் வெட்டப்பட்டு உலோகம் தெரியும், பிளேயர் அதைத் தொட்டுத்தான் அடையாளம் காணும். கடையில் வாங்கிய சாதாரண ரீசார்ஜ் செல்லை உள்ளே போட்டு அடாப்டரைச் செருகி இரவெல்லாம் வைத்தாலும் ஏறாது. உறையைக் கத்தியால் சீவி ஏமாற்றும் வேலை வேண்டாம்.

ஆல்கலைன் போட்டால், ஒரு வாரத்துக்கு மேல் கேட்கப்போவதில்லை என்று தெரிந்தவுடன் கழற்றி வையுங்கள். கசிந்துவிட்டால் காது குடையும் பஞ்சுக் குச்சியில் வினிகர் தொட்டுத் துடையுங்கள். ஆல்கலைனில் கசிவது காரம், வினிகரின் அமிலம் அதை முறிக்கும். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். கையில் ரப்பர் உறை போட்டுக்கொள்ளுங்கள், கண்ணைத் தொடாதீர்கள்.

அடாப்டருக்கு வருவோம். 2000-ஐ ஒட்டி வந்த சோனி மாடல்களில் பலவும் 4.5 வோல்ட், நடுவில் பிளஸ். பழைய மாடல்களில் 9 வோல்ட்டும் உண்டு, நடுவில் மைனஸ் இருப்பதும் உண்டு. பிளக் உள்ளே போகிறது என்பதால் அடாப்டர் சரி என்று ஆகிவிடாது. லேபிளில் இருக்கும் வோல்ட், பிளக்கின் குறி, மில்லி ஆம்பியர் மூன்றையும் ஒப்பிடுங்கள். மில்லி ஆம்பியர் மட்டும் கூடுதலாக இருக்கலாம், மற்ற இரண்டும் அச்சு அசலாகப் பொருந்த வேண்டும்.

எலெக்ட்ரிகல் கடைகளில் 3 முதல் 12 வோல்ட் வரை தள்ளி மாற்றும் ஒரு அடாப்டர் கிடைக்கும், பிளஸ் மைனஸை மாற்றவும் ஒரு சுவிட்ச் இருக்கும். சிடி பிளேயருக்கு அதை வாங்காதீர்கள். கை பட்டு சுவிட்ச் நகர்ந்தால் பிளேயர் அன்றோடு சரி. தவிர டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய பாணி அடாப்டரில் 4.5 என்று எழுதியிருந்தாலும், சுமை குறைவாக இருக்கும்போது அதைவிட நிறையவே வரும். சில சோனி மாடல்கள் மின்னழுத்தம் அதிகமானால் ‘ஹை டிசி இன்’ என்று திரையில் எச்சரிக்கும். எல்லா மாடலும் அப்படிச் சொல்லாது.

அடாப்டரே வேண்டாம் என்பதுதான் அனுபவப்பட்டவர்கள் பலரின் முடிவு, அதையே இங்கும் பரிந்துரைக்கிறோம். செல்லை வெளியே சார்ஜ் செய்து ஜோடி மாற்றி ஓட்டினால் பிளேயர் கருகுவதற்கு வழியே இல்லை.

5. சிடியைப் பொருத்துவதும் எடுப்பதும்

நடுத்தண்டில் மூன்று சின்னக் குண்டுகள் ஸ்பிரிங்கில் நிற்கும், அவைதான் சிடியைப் பிடிக்கும். சிடியைத் துளையின் மேல் நேராக வைத்து, துளையை ஒட்டிய இடத்தில் இரு விரல் நுனிகளால் மெதுவாக அழுத்துங்கள். சின்னதாக ஒரு ‘டிக்’ கேட்கும். கேட்கவில்லை என்றால் சிடி உட்காரவில்லை. மூடியை மூடும் அழுத்தத்தில் உட்கார்ந்துகொள்ளும் என்று விடக் கூடாது, சிடி மூடியின் உட்புறத்தில் உரசி வட்டமாகக் கீறல் விழும்.

உள்ளங்கையால் ஓங்கி அழுத்துவதும் ஆபத்து. தண்டின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் தட்டு கொஞ்சம் கீழே இறங்கினாலே லென்ஸுக்கும் சிடிக்கும் நடுவே இருக்க வேண்டிய தூரம் மாறிவிடும். பிறகு நல்ல லேசர் இருந்தும் ‘நோ டிஸ்க்’ என்று காட்டும்.

எடுக்கும்போது கட்டைவிரலால் நடுத்தண்டை அழுத்திக்கொண்டு, மற்ற விரல்களால் ஓரத்தைத் தூக்குங்கள். ஓரத்தை மட்டும் பிடித்து நெம்பினால் துளையைச் சுற்றி மயிரிழை போல விரிசல் விழும். அப்படி விரிசல் விழுந்த சிடியை மறுபடி ஓட்டாதீர்கள். உள்வட்டம் ஓடும்போது அது நிமிடத்துக்கு சுமார் 500 சுற்று சுழல்கிறது, விரிசல் நீண்டுகொண்டே போகும்.

6. எந்த சிடி ஓடும், எது ஓடாது

நம் ஊரில் அலமாரியில் கிடக்கும் தட்டு எல்லாமே பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் அவற்றில் பாதிகூட ஆடியோ சிடியாக இருக்காது. நூறு பாட்டு, நூற்றைம்பது பாட்டு என்று அட்டையில் போட்டிருந்தால் அது எம்பி3 சிடி. ஆடியோ சிடியில் 74 முதல் 80 நிமிடம்தான் பிடிக்கும். எம்பி3 என்று பிளேயரின் மூடியில் எழுதியிருந்தால் மட்டும் அது ஓடும். கல்யாண வீடியோ, பழைய படம் எல்லாம் விசிடி, அதில் பாட்டுக் கேட்க முடியாது. டிவிடி எந்தச் சிடி பிளேயரிலும் ஓடாது. ‘காம்பாக்ட் டிஸ்க் டிஜிட்டல் ஆடியோ’ என்ற சின்னம் அட்டையிலோ தட்டிலோ இருந்தால் நம்பி வாங்கலாம்.

வீட்டில் சிடி எழுதினால் மென்பொருளில் ‘ஆடியோ சிடி’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘டேட்டா’ என்று எழுதினால் அது வெறும் கோப்புத் தட்டு. 80 நிமிட சிடி-ஆர் வாங்குங்கள், 90, 99 நிமிடம் என்று வருபவற்றில் தடங்கள் நெருக்கமாக இருப்பதால் பழைய பிளேயர்கள் தடுமாறும். எழுதும் வேகத்தை டிரைவ் அனுமதிக்கும் உச்சத்தில் வைக்காமல் 16 மடங்கை ஒட்டி வையுங்கள். முடிவில் சிடியை மூடும் ‘ஃபைனலைஸ்’ வேலை நடந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பிளேயருக்குப் பாட்டுப் பட்டியல் கிடைக்காது. அழித்து மறுபடி எழுதக்கூடிய சிடி-ஆர்டபிள்யூ ஒளியை மிகக் குறைவாகத் திருப்பியனுப்பும், அதனால் பழைய மாடல்கள் அதைக் கண்டுகொள்ளாது. மேலே காகிதம் ஒட்டாதீர்கள். ஒரு பக்கம் கனம் கூடினால் சுழற்சி ஆடும், உரிந்தால் உள்ளே சிக்கும்.

கீறல் பற்றிப் பலருக்குத் தலைகீழான பயம் இருக்கிறது. மின்னும் அடிப்பக்கத்தில் 1.2 மில்லிமீட்டர் தடித்த பிளாஸ்டிக் இருக்கிறது, மெல்லிய கீறலைப் பிளேயர் பெரும்பாலும் சமாளித்துவிடும். தடம் நெடுக சுமார் 2.5 மில்லிமீட்டர் வரை விட்டுப்போனதைப் பிழைதிருத்தம் முழுதாக நிரப்பிவிடும். படம் அச்சிட்ட மேல்பக்கம்தான் உண்மையில் மென்மையானது. ஒளியைத் திருப்பும் உலோகப் படலம் மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது. அங்கே ஆழமாகக் கீறினால் பாட்டே உரிந்து போகும். சிடியை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள், ஊசித் துளைகளாக வெளிச்சம் தெரிந்தால் படலம் போய்விட்டது.

துடைப்பது நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தடத்தின் திசையிலேயே ஓடும், அதைத் திருத்துவது கடினம். கண்ணாடி துடைக்கும் மைக்ரோஃபைபர் துணி போதும். பிசுக்கு இருந்தால் தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் தேய்க்கும் திரவம் விட்டுக் கழுவி, துணியால் ஒற்றி எடுங்கள்.

சிடி-ஆரில் இருப்பது சாயப் பூச்சு. வெயிலும் சூடும் அதை அழிக்கும். ஒரே பிரதியாக இருக்கும் கச்சேரிப் பதிவு, தாத்தா பேசிய பதிவு போன்றவை இருந்தால், தினமும் பிளேயரில் போட்டு ஓட்டும் முன் கம்ப்யூட்டரில் ஒலித்தரம் குறையாமல் சேமிக்கும் ஃப்ளாக் வடிவில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

7. வெளியே எடுத்துப்போகும்போது

அதிர்ச்சி தாங்கும் வசதி சிடியை முன்கூட்டியே வாசித்து நினைவகத்தில் வைத்துக்கொள்வதால் நடக்கிறது. ஒரு வினாடி ஒலிக்குச் சுமார் 14 லட்சம் பிட் தேவை. சின்ன நினைவகத்தில் நிறைய வினாடிகளை அடைக்க வேண்டும் என்பதால் பல மாடல்கள் ஒலியைச் சுருக்கி வைக்கும். இந்த வசதிக்கான சுவிட்சில் 1, 2 என்று இருந்தால் பெரிய எண் பாதுகாப்பு அதிகம். பேருந்தில் அதை வையுங்கள். வீட்டில் மேசை மேல் இருக்கும்போது 1, அல்லது அணைத்துவிடுங்கள். இந்த வசதி ஓடும்போது சிடி சுழன்று, நின்று, மறுபடி சுழலும் சத்தம் கேட்பது இயல்பு.

உள்ளே சுழலும் சிடிக்குத் திடீரென்று திசை திருப்புவது பிடிக்காது. மேலும் கீழும் குலுங்குவதைக்கூடத் தாங்கும், முறுக்குவதைத் தாங்காது. ஆகவே கையில் பிடித்து ஆட்டிக்கொண்டு நடக்காமல், உடம்போடு ஒட்டித் தொங்கும் சின்னப் பையில் இறுக்கமாக வையுங்கள். படுத்த நிலையோ நின்ற நிலையோ, எதுவானாலும் பரவாயில்லை.

ஏசி பேருந்திலிருந்தோ ஏசி ரயில் பெட்டியிலிருந்தோ கடலோர ஊரில் இறங்கியவுடன் மூடியைத் திறந்து சிடி மாற்றாதீர்கள். குளிர்ந்த லென்ஸில் ஈரம் படிந்து ‘நோ டிஸ்க்’ வரும். வந்துவிட்டால் சிடியை எடுத்துவிட்டு ஒரு மணி நேரம் சும்மா வையுங்கள், தானாகச் சரியாகும். துடைக்கப் போகாதீர்கள். மழைக்காலத்தில் பைக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மாதம் ஒருமுறை மாற்றுங்கள்.

வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் பிளேயரையும் சிடியையும் விடவே கூடாது. சிடி வளைந்தால் நிமிர்த்த வழியில்லை. இருசக்கர வண்டி ஓட்டும்போது ஹெட்போன் மாட்டாதீர்கள், பிளேயருக்காக இல்லை, உங்களுக்காக.

8. ஹெட்போனும் வெளி இணைப்பும்

2000-க்குப் பின் வந்த பல மாடல்கள் ஒரு காதுக்கு 5 மில்லிவாட் அளவே தரும். 16 முதல் 32 ஓம் வரை உள்ள சாதாரண ஹெட்போனுக்கு அது தாராளம். 250 ஓம் ஸ்டூடியோ ஹெட்போனில் ஒலி மெலிதாக இருக்கும். ஒலி திடீரென்று ஏறவே மாட்டேன் என்றால் ஏவிஎல்எஸ் என்ற வரம்பு சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

வீட்டு ஆம்ப்ளிஃபையரில் மாட்டும்போது ‘லைன் அவுட்’ இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் ஹெட்போன் ஜாக்கிலிருந்து எடுத்து, ஒலி அளவை முக்கால் பங்கில் நிறுத்தி, பாஸ் கூட்டும் பட்டனை அணைத்துவிடுங்கள்.

9. லென்ஸ் சுத்தமும் பராமரிப்பும்

தேவைப்பட்டால் மட்டும் செய்யுங்கள். நன்றாக ஓடும் பிளேயரின் லென்ஸை மாதாமாதம் துடைப்பதால் நன்மை இல்லை.

செல்லைக் கழற்றுங்கள். ரப்பர் ஊதுகுழலால் தூசியை ஊதுங்கள், வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். பஞ்சுக் குச்சியில் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு தொட்டு, சொட்டாத அளவுக்கு உதறிவிட்டு, லென்ஸின் மேல் நடுவிலிருந்து வெளியே வட்டமாக ஓரிரு முறை எடுங்கள். லென்ஸ் மெல்லிய தாங்கிகளில் மிதந்துகொண்டிருக்கிறது, குச்சியின் எடையே போதும். காய்ந்த குச்சியால் ஒருமுறை தொட்டுவிட்டு ஐந்து நிமிடம் மூடியைத் திறந்து வையுங்கள்.

கை கழுவும் சானிடைசரை எடுக்காதீர்கள். அதில் கிளிசரின் இருக்கும், காய்ந்ததும் படலமாக நிற்கும். சென்ட், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். தூரிகை வைத்த லென்ஸ் சுத்தம் செய்யும் சிடியும் வேண்டாம். லென்ஸ் கண்ணெதிரே இருக்கும்போது அதற்கு அவசியமே இல்லை.

மூடி சுவிட்சைக் குச்சியால் அழுத்திக்கொண்டு லேசர் எரிகிறதா என்று குனிந்து பார்ப்பவர்கள் உண்டு. சிடியின் லேசர் 780 நானோமீட்டர், கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. தெரியவில்லை என்பதால் கண்ணைச் சுடாது என்று இல்லை. செய்யாதீர்கள்.

லென்ஸ் வண்டியின் பக்கத்தில் ஒரு மிகச் சின்னத் திருகு மாதிரி இருப்பது லேசரின் சக்தியைக் கூட்டிக் குறைப்பது. கொஞ்சம் கூட்டினால் திக்கிய பிளேயர் ஓடத் தொடங்கும், சில வாரத்தில் லேசர் எரிந்து முடிந்துவிடும். காணொளிகளில் இதை வைத்தியமாகக் காட்டுகிறார்கள். அதைத் தொட்ட பிளேயரை விலைக்கு வாங்கவும் வேண்டாம்.

10. ஓடவில்லை என்றால், இந்த வரிசையில்

எந்தப் பட்டனும் வேலை செய்யவில்லையா? முதலில் பட்டன்களைப் பூட்டி வைக்கும் ‘ஹோல்ட்’ சுவிட்ச். ரிமோட் இருந்தால் அதிலும் தனியாக ஒரு ஹோல்ட் இருக்கும். ‘செத்துப்போச்சு’ என்று விற்கப்படும் பிளேயர்களில் இந்தச் சுவிட்சால் நின்றவை உண்டு. பிறகு செல்லின் திசை, செல் தொடும் உலோகத்தின் அழுக்கு, மூடியின் கொக்கி.

சுழலத் தொடங்கி நிற்கிறதா? வேறு நல்ல செல் போட்டுப் பாருங்கள். அதன் பிறகு சிடியைக் கழற்றி மறுபடி உட்கார வையுங்கள். அதன் பிறகு வேறு ஒரிஜினல் சிடி. இவ்வளவும் செய்த பிறகுதான் லென்ஸ்.

பாதிக்கு மேல் திக்குகிறதா, பாட்டு தாவும்போது முனகல் கேட்கிறதா? தண்டவாளத்தில் கிரீஸ் இறுகியிருக்கிறது. மூடியைத் திறந்தாலே தண்டவாளம் தெரியும் மாடல் என்றால், பஞ்சுக் குச்சியில் ஆல்கஹால் தொட்டுப் பழையதைத் துடைத்து, பிளாஸ்டிக்குக்கு ஒத்த சிலிகான் கிரீஸ் ஒரு பல்குத்தி நுனியளவு வையுங்கள். தேங்காய் எண்ணெயும் தையல் மிஷின் எண்ணெயும் ஓடி லென்ஸில் ஏறும். அடிமூடியைக் கழற்ற வேண்டிய மாடல் என்றால், உள்ளே இருக்கும் தட்டையான ரிப்பன் கேபிளை மட்டும் பிடுங்காதீர்கள். லேசர் நிலைமின்சாரத்துக்கு மிகவும் பயப்படும், விரல் பட்டாலே போய்விடக்கூடும்.

ஒரு காதில் ஒலி இல்லையென்றால் வேறு ஹெட்போனில் பாருங்கள். பிளேயரில்தான் குறை என்றால் மொபைல் ரிப்பேர் கடைக்காரர் ஜாக்கைச் சால்டர் செய்துவிடுவார். ‘ஜாக் மட்டும், வேறு எதையும் தொட வேண்டாம்’ என்று சொல்லிக் கொடுங்கள்.

லேசரே தளர்ந்துவிட்டால் தனி உதிரி தேடுவதைவிட, அதே மாடலில் உடைந்த மூடியோடு மலிவாக வரும் இன்னொன்றை வாங்கிக் கையில் வைத்துக்கொள்வது சிக்கனம். பிளேயர் நன்றாக ஓடும்போதே தேடத் தொடங்குங்கள். மாடல் எண்ணின் கடைசி எழுத்து வரை ஒன்றாக இருக்க வேண்டும்.